அடுத்த விளக்குக் கம்பம் வரை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் பெரும்பாலானவை மருந்தையும் உணவையும் பற்றியவை. அவற்றுக்கெல்லாம் விடை பெற்று, கோப்புகளைப் பையில் வைத்துக்கொண்ட பிறகு, அறைவாசலில் ஒரு கணம் நின்று தயக்கத்தோடு இன்னொன்றைக் கேட்பார்கள்: “இனி நான் நடக்கலாமா, டாக்டர்?” அதற்குள் வேறொரு கேள்வி மறைந்திருப்பதை நாங்கள் அறிவோம். இந்த உடம்பை இனி நம்பலாமா என்பதே அது.

முதற்கேள்விக்கு விடை எளிது. மிகச் சில நிலைகளைத் தவிர, நடக்கலாம், நடக்கவும் வேண்டும். இரண்டாவது கேள்விக்கு எங்களால் சொல்லில் விடை தர முடியாது. நாள்தோறும் நடக்கும் நடையே மெல்ல மெல்ல அதற்கு விடை தருகிறது. அவ்விடை எவ்வாறு கிடைக்கிறது என்பதையும், அதனோடு கூடவே நன்றியுணர்வு எவ்வாறு வந்து சேர்கிறது என்பதையும், நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை முன்னிறுத்தி இக்கட்டுரையில் சொல்ல விரும்புகின்றோம்.

படுக்கையே மருந்து என்றிருந்த காலம்

மாரடைப்பு வந்தவர் ஆறு வாரங்கள் வரையிலும் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவ உலகின் பொதுக் கருத்தாக இருந்தது. 1952-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பெர்னார்டு லவுன் என்னும் இரு மருத்துவர்கள், மாரடைப்பு நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பிச் சாய்வு நாற்காலியில் அமரவைத்துக் கண்ட நன்மைகளை வெளியிட்டனர். நாற்காலியில் உட்காருவது இன்று நமக்கு மிகச் சிறிய செயலாகத் தோன்றும். அன்று அது துணிச்சலான மருத்துவமாக இருந்தது.

அடுத்த ஆண்டு, 1953-இல், இங்கிலாந்தின் ஜெர்ரி மோரிஸ் இலண்டன் மாநகரப் பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. ஒரே பேருந்தில் ஒரே வழியில் சென்றவர்களின் இதயங்கள் வேறுபட்டமைக்குக் காலின் உழைப்பு ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதை உலகம் அதன்பின் கூர்ந்து நோக்கத் தொடங்கியது.

இந்த வரலாற்றை நாங்கள் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. மருத்துவம் கைவிட்ட அந்தப் பழைய அச்சம் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. “ஓய்வெடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று அன்போடு சொல்லி, நோயாளியைக் கட்டிலிலேயே இருத்திவிடுகிறோம். படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் கால் தசைகள் மெலிகின்றன. முதியோருக்கு இது இன்னும் விரைவாக நிகழ்கிறது. கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரியும்போதுதான் காலின் கீழ்ப்பகுதியில் உள்ள இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அவை ஓய்ந்துவிட்டால் இரத்தம் தேங்கும். உடலோடு மனமும் தளர்ந்து, நான்கு சுவர்களுக்குள் நோயைத் தவிர நினைக்க வேறொன்றும் இல்லாமற்போகும்.

வண்டிகள் இல்லாத சாலை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 மணி வரை வண்டிகள் ஓடுவதில்லை. நலிந்த உடம்போடு நடக்க வருபவருக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை நலமாய் இருப்பவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். பின்னாலிருந்து ஒலிப்பான் அலறாது. விலகி ஓட வேண்டியதில்லை. சாலை சமமாக இருப்பதால் மூச்சு வாங்கச் செய்யும் ஏற்றமும் இல்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்தில், இடையிடையே அமர்வதற்கு இடங்களும் உண்டு.

வைகறையில் வங்கக்கடலின் மேல் கதிரவன் எழும்போது அங்கே ஊரின் எல்லா வயதினரையும் காணலாம். கைவீசி விரைபவர், பேரக்குழந்தையின் விரல் பற்றி வருபவர், கைத்தடியோடு நான்கு அடிக்கு ஒருமுறை நிற்பவர் என எல்லோரும் ஒரே சாலையில் செல்கின்றனர். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த கற்றூண்கள், 1836-ஆம் ஆண்டில் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், கடலுக்குள் எஞ்சி நிற்கும் பழைய துறைமேடையின் கால்கள் ஆகியவை நடப்பவருக்கு எல்லைக்கற்களாக உதவுகின்றன. “நேற்றுக் காந்தி சிலை வரை வந்தேன், இன்று கலங்கரை விளக்கம் வரை போனேன்” என்று புறநோயாளர் பிரிவில் எங்களிடம் சொல்பவர்கள் பலர். கிலோமீட்டர்க் கணக்கைவிட இந்தக் கணக்கு எங்களுக்கும் எளிதாக விளங்குகிறது.

புதிதாக நடக்கத் தொடங்குவோருக்கு நாங்கள் சொல்லும் முறை இதுதான்: முதல்நாள் சாலையின் மறுமுனையைப் பார்க்காதீர்கள். அடுத்த விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். அதுவரை சென்று நில்லுங்கள். மூச்சு சீராக இருந்தால் அதற்கடுத்த கம்பம். இல்லையென்றால் சற்றே அமர்ந்துவிட்டுத் திரும்புங்கள். சென்ற தொலைவையே திரும்பவும் நடக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருங்கள். நாங்கள் மருத்துவமனையில் செய்யும் ‘ஆறு நிமிட நடைச் சோதனை’யும் ஏறக்குறைய இத்தகையதே. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் ஆறு நிமிடங்கள் நடக்கச் சொல்லி, எவ்வளவு தொலைவு நடந்தார் என அளக்கிறோம். நடுவில் நின்று இளைப்பாறுவதற்கு அதிலும் இடமுண்டு. நின்றுவிட்டதால் எவரும் தோற்றவராகிவிடுவதில்லை.

பத்தாயிரம் அடிகள் தேவையா?

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் நடந்தால்தான் பயன் என்று எண்ணிப் பலர் தொடங்கும் முன்னரே சோர்ந்துவிடுகின்றனர். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளவிக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்னும் பொருள்படும் பெயர் இடப்பட்டது. அப்பெயரே நாளடைவில் உலகெங்கும் இலக்காகிவிட்டது. 2019-ஆம் ஆண்டில் ஐ-மின் லீயும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் 16,741 மூத்த பெண்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. அடிகள் கூடக் கூட இந்த நன்மையும் கூடி, சுமார் 7,500 அடிகளில் சமநிலை அடைந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. நீடித்த நோய் உள்ளவர்கள் இந்த அளவை எட்ட இயலாவிட்டாலும் தம்மால் இயன்றதைச் செய்வது நன்று என்பதே அதன் நிலைப்பாடு. எனவே, முதல் வாரத்தில் ஐந்து நிமிடங்கள் நடந்தாலும் அது நடையே. மருத்துவர் தந்த அளவிலிருந்து தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடங்கள் கூட்டிக்கொண்டு வரலாம். வேகத்தை அறியக் கருவி வேண்டா. உடன் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்றே விரைந்திருக்க வேண்டும். பேசவே இயலவில்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள்.

நன்றி என்பது அறிதல்

இனி நன்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும். “உயிர் பிழைத்ததற்கு நன்றியோடு இருங்கள்” என்று நோயாளியிடம் யாரேனும் சொல்லும்போது, அவர் முகம் வாடுவதை நாங்கள் கண்டிருக்கின்றோம். வலியோடும் கடனோடும் வேலை போய்விடுமோ என்ற கவலையோடும் படுத்திருப்பவருக்கு அச்சொல் மேலும் ஒரு சுமையாகிறது. நன்றி ஏவலினால் வருவதன்று. சினமும் துயரமும் உள்ள இடத்தில் அவை இருக்கட்டும். அவற்றை மறைத்துக்கொண்டு புன்னகைக்க வேண்டும் என்று எந்த மருத்துவரும் எதிர்பார்ப்பதில்லை.

திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். நன்றி கூறுதல் என்றோ நன்றி செலுத்துதல் என்றோ பெயரிடாமல், ‘அறிதல்’ என்று வைத்திருப்பது எங்கள் சிந்தனைக்கு உரியதாயிற்று. நமக்குச் செய்யப்பட்ட நன்மை எது, யார் செய்தார், எப்போது செய்தார் என்று அறிந்துகொள்வதே முதற்படி. சொல்வது அதன் பின்னர் வரும். அறிவதற்கு அமைதியும் நேரமும் வேண்டும். மருத்துவமனையில் அவை இரண்டும் கிடைப்பதில்லை. ஊசியும் சோதனையும் உறவினர் வருகையுமாக நாள்கள் உருண்டோடிவிடுகின்றன. வீடு திரும்பி, கடலோரத்தில் தனித்து நடக்கும் வேளையில்தான் அந்நாள்கள் ஒவ்வொன்றாக நினைவில் எழுகின்றன.

இரவு மூன்று மணிக்கு விளக்கைப் போடாமலே வந்து, இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்து சென்ற செவிலியர். ஒரு முறையும் முகம் சுளிக்காமல் படுக்கை விரிப்பை மாற்றிய பணியாளர். முகம் தெரியாத எவரோ கொடுத்த இரத்தம். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இடையே ஓடிய மகள். உப்பில்லாமல் சமைத்து, அதையே தாமும் உண்ட மனைவி. பொதுவாக ‘எல்லோருக்கும் நன்றி’ என்று நினைப்பதைவிட, இவ்வாறு ஒருவரை, ஒரு செயலை, ஒரு வேளையை நினைப்பது மனத்தில் ஆழமாகப் பதிகிறது.

இது குறித்து ஆய்வுகளும் உண்டு. இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா ஆகிய உளவியலாளர்கள் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், நரம்புத்தசை நோய் உடையவர்கள் மூன்று வாரங்களுக்கு நாள்தோறும் தாங்கள் நன்றி பாராட்டும் நிகழ்வுகளை எழுதினர். அவ்வாறு எழுதாதவர்களோடு ஒப்பிடும்போது அவர்களது மனநிலை மேம்பட்டிருந்தது. உறக்கமும் நன்றாக இருந்ததாக அவர்கள் கூறினர். நோய் அவர்களை விட்டு நீங்கிவிடவில்லை. நோயோடு கழியும் நாளின் நிறம் சற்றே மாறியது.

நடையை நேரடியாக ஆராய்ந்ததும் ஒன்றுண்டு. கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் வர்ஜீனியா ஸ்டர்ம் தலைமையிலான குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது. மூத்தோர் சிலர் வாரம் ஒருமுறை 15 நிமிடங்கள் என எட்டு வாரங்கள் நடந்தனர். அவர்களுள் ஒரு பிரிவினரிடம் மட்டும், சுற்றியுள்ளவற்றைப் புதுக்கண்ணோடு பார்த்து வியந்தபடி நடக்குமாறு சொல்லப்பட்டது. நடையின்போது ஒவ்வொருவரும் தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டனர். வாரங்கள் செல்லச் செல்ல, வியந்து நடந்தவர்களின் படங்களில் அவர்தம் உருவம் சிறிதாகிச் சுற்றுப்புறம் மிகுதியாக இடம்பெற்றது, புன்னகை விரிந்தது. நன்றி போன்ற உணர்வுகள் அவர்களிடம் கூடியிருந்தன.

நோய் மனிதனைத் தன்னையே ஓயாமல் உற்றுப் பார்க்க வைக்கிறது. நாடி, அழுத்தம், சர்க்கரை அளவு, நேற்றைய வலி, இன்றைய வலி என்று கண் உட்புறமே திரும்பியிருக்கிறது. கடலின் முன் நிற்கும்போது அக்கண் வெளியே திரும்புகிறது. தாம் சிறியவர் என்ற உணர்வு அங்கே அச்சத்தைத் தருவதில்லை. மாறாக, பெரியதொன்றின் பகுதி என்ற ஆறுதலைத் தருகிறது.

கடைப்பிடிக்க எளிய வழியொன்றைப் பரிந்துரைக்கின்றோம். போகும்போது உடலைக் கவனியுங்கள்: மூச்சு, கால், வேகம். திரும்பும்போது மூன்று நன்மைகளை நினைவுகூருங்கள். வீடு வந்ததும் அவற்றை மூன்று வரிகளில் குறித்து வையுங்கள். ஒருநாள் ஒன்றும் தோன்றவில்லையென்றால் வெறும் தேதியை மட்டும் எழுதுங்கள். அன்றும் நடந்தீர்கள் என்பதற்கு அது சான்றாகும். உங்கள் உடம்புக்கும் அந்தக் குறிப்பேட்டில் இடம் கொடுங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கும் இதயம், ஒருமுறை தடுமாறியதற்காக நம் நம்பிக்கை முழுவதையும் இழந்துவிடலாகாது.

கரைக்குத் திரும்பிய மணல்

இச்சாலையில் நடப்பவர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி கடலைப் பற்றியது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் அந்த நகர்வு தடைப்பட்டது. வடக்கே மணற்கரை அரித்துச் செல்லப்பட, சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. ஒரு தலைமுறை புதுச்சேரியின் கடற்கரை என்றாலே கற்களைத்தான் அறிந்திருந்தது. பின்னர், 2018-ஆம் ஆண்டையொட்டி, தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் எஃகாலான திட்டு ஒன்றை அமைத்தது. அது அலையின் வேகத்தைத் தணித்தது. வேகம் தணிந்த நீரில் மணல் படிந்தது. கரையின் ஒரு பகுதியில் மக்கள் மீண்டும் மணலில் கால்பதித்தனர்.

மாரடைப்பில் இறந்துபட்ட இதயத்தசை மீண்டும் முளைப்பதில்லை. அங்கே தழும்பே எஞ்சும். இதை நாங்கள் நோயாளிகளிடம் மறைப்பதில்லை. ஆயினும் எஞ்சிய தசை நல்ல மருந்தாலும் முறையான நடையாலும் வலிமை பெறும். கால் தசைகள் உயிர்வளியைத் திறம்படப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும்போது, அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்து முடிக்கும். சென்ற மாதம் மூச்சு வாங்கிய இடத்தை இந்த மாதம் பேசிக்கொண்டே கடந்துவிடுவது இதனாலேயே. கரை முழுவதும் மணல் திரும்பவில்லை. திரும்பிய அளவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

உடனிருப்போருக்குச் சில சொற்கள்

நோயாளியின் நடையைப் பற்றி இவ்வளவு பேசினோம். கட்டிலருகே பல இரவுகள் விழித்திருந்தவர்களின் நடையை யாரும் கேட்பதில்லை. நோயாளியோடு செல்லும் நடை உங்களுக்கு நடையாகாது. உங்கள் கண் முழுவதும் அவர் காலடியிலேயே இருக்கும். ஆகவே, வாரத்தில் சில நாள்களேனும், அரைமணி நேரம் வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தனியே நடந்து வாருங்கள். இதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. உறக்கமின்மை, எரிச்சல், காரணமின்றிக் கண்ணீர் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள். பராமரிப்பவரின் நலமும் எங்கள் கவனிப்புக்கு உரியதே.

நோயாளிகளிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் குறிப்பேட்டில் உடனிருப்பவரின் பெயர் வரும் நாளில், அந்த வரியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். பல ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் சொல்லாதிருந்த சொல் அதுவாக இருக்கலாம்.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

மார்பில் அழுத்தம் அல்லது வலி, இடக்கை, தோள், தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்று அமருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அதை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள், அமர்ந்தபின்னரே பயன்படுத்துங்கள். வலி தணியாவிட்டால் காலம் தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு மணலில் நடக்க வேண்டா. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கிளிஞ்சல் கீறினாலும் வெயிற்சூடு சுட்டாலும் தெரியாது. வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் சிறிது சர்க்கரையோ இனிப்பு மிட்டாயோ உடன் வைத்திருங்கள். இதயநோயாளிகள் வயிறு நிறைய உண்டவுடன் நடக்காமல், ஒரு மணி நேரமேனும் கழித்துப் புறப்படுங்கள்.

கோடையில் வெயில் ஏறுமுன் நடந்து முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் வழுக்கும் கற்களின் மேல் ஏற வேண்டா. அன்று வீட்டுத் தாழ்வாரமே போதும். கைப்பேசி எண்ணும் நோயின் பெயரும் எழுதிய சிறு சீட்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

கடல் இல்லாத ஊரில்

எங்களிடம் வருவோருள் பலர் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஊரில் கடல் இல்லை. ஏரிக்கரை உண்டு, கோயிற்குளம் உண்டு, வரப்போரப் பாதை உண்டு. நீரின் அருகே நடப்பது நலம். நீர் இல்லையென்றால் மரத்தடியும் நலமே. எழுந்து நடக்க இயலாதவர்கள் சக்கர நாற்காலியில் வாசல்வரை வந்து, தெருவைப் பார்த்திருக்கலாம். அதுவும் இயலாதவர்கள் சன்னலருகே கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். மூன்று வரிகள் எழுதுவதற்குக் கால்கள் தேவையில்லை.

அறைவாசலில் தயங்கி நிற்பவரிடம் நாங்கள் இப்போதெல்லாம் இன்னொன்றையும் சொல்லி அனுப்புகின்றோம்: அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு அந்தக் குறிப்பேட்டையும் கொண்டுவாருங்கள். எந்த விளக்குக் கம்பம் வரை சென்றீர்கள் என்பதைக் கேட்க நாங்கள் காத்திருப்போம்.